கார்போகரிசியும் முகத்தின் வகையும்

திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் "குளியல் பொடிக்குச் சாமான்" என்று கேட்டால் போதும். கடைக்காரர் பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவார். பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு என்று நீளும் அந்த வரிசையில் கறுத்த சிறு விதை ஒன்றும் பெரும்பாலும் இடம்பெறும். அதன் பெயர் கார்போகரிசி. இந்த விதைக்கும், இன்று உலகெங்கும் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் தோல் வகைப் பட்டியலுக்கும் நேரான வரலாற்றுத் தொடர்பு உண்டு என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அத்தொடர்பு எனக்குத் தெரியவந்ததோ ஒரு வருத்தமான சூழ்நிலையில்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. "கார்போகரிசியை அரைத்துப் பூசினால் முகம் வெளுக்கும்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். கடைக்குப் போய் வாங்கி வந்து கொடுத்தவன் நான். ஒளியியல் வகுப்பு எடுக்கும் எனக்கு, இந்த விதை என்ன செய்யும் என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. தங்கை அதை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டு, சித்திரை வெயிலில் மாடியில் வடாம் பிழிந்தாள். இரண்டாம் நாள் கன்னங்கள் சிவந்து எரிந்தன. சிறு கொப்புளங்களும் தோன்றின. அவை ஆறிய இடத்தில் கருந்திட்டுகள் பல மாதங்கள் இருந்தன. தோல் மருத்துவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, "பூசிக்கொண்டு வெயிலில் நின்றாயா, அம்மா?" என்பதுதான்.

விதையின் பயணம்

கார்போகரிசி, சோரலியா கோரிலிபோலியா என்னும் செடியின் விதை. ஆயுர்வேதத்தில் இதற்குப் 'பாகுசி' என்று பெயர். வெண்புள்ளி நோய் கண்ட இடத்தில் இதைப் பூசி, அவ்விடத்தில் வெயில் படச் செய்வது நம் நாட்டுப் பழைய மருத்துவ முறை. இதன் நோக்கம் தோலை வெளுக்கச் செய்வதன்று; வெளுத்த இடத்தைக் கறுக்கச் செய்வதே. உறவினர் சொன்னதற்கு இது நேர் எதிரானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எகிப்திலும் இதே கருத்து வேறொரு செடியின் வழியே நிலவியது. நைல் நதிக்கரையில் வளரும் அம்மி மேஜஸ் என்ற செடியின் விதையை உட்கொண்டு வெயிலில் இருக்கும் முறையை, 13ஆம் நூற்றாண்டு மருந்தியல் அறிஞர் இப்னு அல் பைத்தார் குறிப்பிட்டுள்ளார்.

1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், ராவ் என்ற இந்திய வேதியியலார் மூவர் கார்போகரிசியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். செடியின் பெயரை ஒட்டி அதற்குச் 'சோரலென்' என்று பெயர். 1940களின் இறுதியில் கெய்ரோவில் அம்மி மேஜஸிலிருந்து பிரித்த சோரலென் வகைப் பொருளைக் கொண்டு அப்துல் மொனெம் எல் மோஃப்தி என்ற மருத்துவர் வெண்புள்ளி நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார்.

சோரலென் எவ்வாறு வேலை செய்கிறது? தட்டையான அதன் மூலக்கூறு, நம் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே நுழைந்து அமர்ந்துகொள்ளும். இருட்டில் அதனால் பெரிய தொல்லை இல்லை. 320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள 'ஏ' வகைப் புற ஊதாக் கதிர் பட்டால் நிலைமை மாறும். 365 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் சுமார் 3.4 எலெக்ட்ரான் வோல்ட். அவ்வாற்றலைப் பெற்ற சோரலென் டி.என்.ஏ.வுடன் வேதிப்பிணைப்பு கொள்கிறது. அளவு மிகுந்தால் தோல் வெந்துபோகும். பின்னர் நிறமி பெருகிக் கறுக்கும். திருவண்ணாமலை ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. என் தங்கை வடாம் பிழிந்தது அந்த நாட்களில்தான்.

பாஸ்டன் நகரில் கற்ற பாடம்

1974இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், பாதக் ஆகியோர் சோரலென் வகை மருந்தை உட்கொள்ளச் செய்து, பிறகு 'ஏ' வகைக் கதிரைச் செலுத்திச் செதில் உதிரும் சோரியாசிஸ் நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினர். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு கதிர் செலுத்துவது? தொடக்கத்தில் தலைமயிரின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் பார்த்து அளவை முடிவு செய்தனர். கருமயிரும் பழுப்புக் கண்ணும் உடையவர்கள் அதிகம் தாங்குவர் என்பது எதிர்பார்ப்பு. அது பொய்த்தது, அவர்களுள் சிலருக்குத் தோல் வெந்துபோயிற்று.

ஆகவே 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் வேறு வழியைக் கையாண்டார். நோயாளியைப் பார்த்து ஊகிப்பதை விட்டு, அவரிடமே கேட்டார்: கோடைத் தொடக்கத்தில் முதன்முறையாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நண்பகல் வெயிலில் நின்றால் உங்கள் தோல் சிவந்து எரியுமா? பிறகு கறுக்குமா? விடைகளைக் கொண்டு வெள்ளையரின் தோலை நான்கு வகைகளாகப் பிரித்தார். எப்போதும் எரிந்து, கறுக்கவே கறுக்காதது முதல் வகை. அரிதாக எரிந்து, நன்கு கறுப்பது நான்காம் வகை. பழுப்புத் தோலும் கருந்தோலும் பின்னரே ஐந்தாம், ஆறாம் வகைகளாகச் சேர்க்கப்பட்டன. ஆறு வகைகளும் அடங்கிய அவரது கட்டுரை 1988இல் வெளிவந்தது. நம்மவருள் பெரும்பாலோர் நான்கு, ஐந்து ஆகிய வகைகளில் அடங்குவர்.

நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று பாஸ்டனில் கற்றுக்கொண்ட அதே 1975இல், நம் நாட்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' பசை விற்பனைக்கு வந்தது. நிறத்தையே முகத்தின் குறையாகக் காட்டிய அப்பசையின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் நீங்க 2020 வரை ஆயிற்று.

எண்ணெய்ப் பசையும் வறட்சியும்

கடைகளில் நாம் காணும் 'எண்ணெய்ப் பசை', 'இயல்பு', 'வறட்சி' என்ற பிரிவு இதனின்றும் வேறுபட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுப் பொருள் வாணிபம் செய்த ஹெலனா ரூபின்ஸ்டைன் அம்மையார் இதைப் பரப்பியவர் என்பர். விற்பனைக்காக எழுந்த பிரிவு எனினும் இதில் உண்மை உண்டு. மயிர்க்கால்களை ஒட்டிய சுரப்பிகள் சுரக்கும் எண்ணெயின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். வயதோடும் பருவத்தோடும் மாறும். ஒரே முகத்தில் நெற்றிக்கும் கன்னத்திற்கும் இடையேகூட மாறும்.

1928இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற ஜெர்மானிய அறிஞர்கள் தோலின் மேற்பரப்பில் மெல்லிய அமிலப் போர்வை இருப்பதை விளக்கினர். அதன் பி.எச். மதிப்பு சுமார் 5. சாதாரணச் சோப்பின் கரைசலுக்கோ 9 முதல் 10 வரை. எண்ணெய் வழிகிறதே என்று நாளைக்கு ஐந்தாறு முறை சோப்புப் போடுபவர் அழுக்கை மட்டும் நீக்கவில்லை. தோலின் காப்பையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்.

வீட்டில் ஒரு சோதனை

இளநிலை இயற்பியல் மாணவர்கள் பன்சனின் எண்ணெய்ப்பொட்டு ஒளிமானியை அறிவர். தாளில் எண்ணெய் பட்ட இடம் ஒளியை அதிகம் கசியவிடும். தாளின் இழைகளுக்கிடையே உள்ள காற்றை எண்ணெய் வெளியேற்றிவிடுகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் இழையினதை ஒட்டிச் சுமார் 1.5 ஆக இருப்பதால் ஒளி சிதறுவது குறைகிறது. இதையே முகத்திற்குப் பயன்படுத்தலாம்.

மென்மையான சோப்பால் முகம் கழுவித் துடைத்து, எதுவும் பூசாமல் நிழலில் ஒரு மணி நேரம் இருங்கள். மெல்லிய தாள் துண்டுகளை நெற்றி, மூக்கு, தாடை, கன்னங்களில் தனித்தனியே ஒற்றி எடுங்கள். நம் ஊர் வெக்கையில் வியர்வையும் தாளை ஒளி கசியச் செய்யும். ஆகவே கால் மணி நேரம் உலரவிட்டுப் பிறகு வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீர் ஆவியாகிவிடும், எண்ணெய்ப் பொட்டு நிற்கும்.

எல்லாத் தாளிலும் பொட்டு இருந்தால் எண்ணெய்ப் பசைத் தோல். எதிலும் இல்லாமல் முகம் இழுப்பது போலவும் செதில் உதிர்வது போலவும் இருந்தால் வறண்ட தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் இருந்தால் கலப்பு வகை. எண்ணெய் முகம் என்று நாங்கள் நம்பியிருந்த என் தங்கைக்குக் கன்னத்துத் தாள்கள் வெறுமையாகவே உலர்ந்தன. அத்தனை நாளும் நாங்கள் கண்ட மினுமினுப்பில் பெரும்பகுதி வியர்வையே.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எண்ணெய்ப் பசை உடையவர்கள் மென்மையான சோப்போ திரவமோ கொண்டு நாளைக்கு இருமுறை கழுவினால் போதும். பூசுவது நீர் மிகுந்த இலேசான பசையாக இருக்கட்டும். பரு வருபவர்கள் முகத்திற்குத் தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. வறண்ட தோலினர் சோப்பைக் குறைத்து, கழுவிய ஈரம் முற்றும் காயுமுன் கொழுப்பு மிகுந்த பசையோ வாசலினோ தடவிக்கொள்ளலாம். உள்ளே உள்ள நீர் ஆவியாவதை அது தடுக்கும். கலப்பு வகையினர் இடத்திற்கேற்பப் பூச வேண்டும். எளிதில் அரிக்கும் தோலுடையவர்கள் புதிய பொருளை முதலில் முன்கையின் உட்புறத்தில் சில நாட்கள் தடவிப் பார்க்க வேண்டும்.

எல்லா வகையினருக்கும் பொதுவானது வெயில் காப்பு. நிறமி மிகுந்த நம் தோல் எளிதில் எரிவதில்லை. ஆனால் எளிதில் திட்டுத்திட்டாகக் கறுக்கும். குடையும் நிழலும் முதற்காப்பு. வெயில் காப்புப் பசை வாங்குவோர் எண் 30க்குக் குறையாமலும், 'ஏ' வகைக் கதிரையும் தடுப்பதாகவும் பார்த்து வாங்க வேண்டும்.

முகத்தைச் சில நாட்களில் வெளுக்கச் செய்வதாகக் கூறும் முகவரியற்ற பசைகளை எவ்வகையினரும் தொட வேண்டாம். பாதரச உப்புகள் நிறமி உண்டாவதைத் தடுப்பவை, சிறுநீரகத்தையும் கெடுப்பவை. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பசைகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஸ்டீராய்டு கலந்த மருந்துகளையும் மருத்துவர் சீட்டின்றி முகத்தில் பூசலாகாது.

என் தங்கையின் திட்டுகள் ஏறத்தாழ ஓராண்டில் மறைந்தன. இன்றும் எங்கள் வீட்டில் குளியல் பொடி அரைக்கிறோம். பொட்டலம் கட்டும்போது, "கார்போகரிசி மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன். பகலில் கிரிவலம் வருவோரும் வயலில் வேலை செய்வோரும் அதைச் சொல்லியே வாங்குவது நல்லது. அந்த விதை மருந்து. அதன் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.