விழுப்புரம் சாலையும் வெள்ளித்திரை அழுகையும்

நடுவர் அவர்களே! சினிமாவில் சாவுச் சேதி வந்தால் இடி இடிக்கும், விளக்கு அணையும், வீணைத் தந்தி அறும். (சிரிப்பு) 1961-இல் ‘பாசமலர்’ பார்த்துத் தியேட்டரே அழுதது, இல்லைன்னு சொல்லல. ஆனா நிஜத்துல?

திண்டிவனத்துல எங்க தெருவில் ஓர் அம்மா. ரோட்டுல வண்டி மோதி மகன் போயிட்டான்னு சொன்னோம். ‘இருப்பா, பால் பொங்குது’ன்னு உள்ளே போனாங்க. இறக்கி, ரெண்டு டம்ளர்ல ஆத்தினாங்க. ஒண்ணு மகனுக்கு! ஒப்பாரி மறுநாள்தான் வந்தது.

ஐம்பது வருஷம் கழிச்சு, 2011-இல் எம்.சரவணன் ‘எங்கேயும் எப்போதும்’ எடுத்தார். விழுப்புரம் பக்கத்தில் ரெண்டு பஸ் மோதுகிற விபத்தை முதலிலேயே காட்டிவிட்டுத்தான் கதைக்குள் போனார். அப்புறம் அவர்கள் சிரிக்கச் சிரிக்க நமக்கு வயிறு கலங்குகிறது. எதிரணிக்கு அந்த ஒரு படத்தை விட்டுத் தருகிறேன். ஆனா அந்த ரெண்டாவது டம்ளரை இன்னும் எந்தப் படத்திலும் நான் பார்க்கலீங்க.