லாக்டிக் அமில நொதித்தல்

லாக்டிக் அமில நொதித்தல் என்பது பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் துணையின்றிச் சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலமாக மாற்றும் வினை. சென்னை ராயப்பேட்டைக் கடையில் மாலையில் வாங்கிய பாக்கெட் இட்லி மாவை வெளியே வைத்தால், விடிவதற்குள் அது உப்பி நிற்பதும் இதனால்தான்.

இட்லி மாவுக்கு உறை ஊற்றுவதில்லை. உளுந்தோடு ஒட்டிவரும் லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவே போதும். அது குளுக்கோஸிலிருந்து லாக்டிக் அமிலம், எத்தனால், கரியமில வாயு மூன்றையும் உண்டாக்குகிறது. வாயுவால் மாவு பொங்குகிறது, அமிலத்தால் புளிக்கிறது. பி.எச். மதிப்பு 6க்கு அருகிலிருந்து 4.5 அளவுக்கு இறங்குகிறது. அமிலம் ஏற ஏறப் பாக்டீரியாவின் வேகமும் மட்டுப்படும். சமையலறைக்கு இது வசதி, இந்த அமிலத்தைத் தயாரிக்கும் ஆலைக்கோ பெரும் தலைவலி.

1780இல் வேதியியலாளர் ஷீலே புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தார். நுண்ணுயிரே இதற்குக் காரணம் என்று 1857இல் விஞ்ஞானி பாஸ்டர் காட்டினார். 1881இல் அமெரிக்காவில் வணிக உற்பத்தி தொடங்கியது.

ஆலைக்கு வாயு வீண் செலவு. அதனால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாக்கும் இனங்களையே அங்கே வளர்க்கிறார்கள். ஏட்டுக் கணக்கில் 180 கிராம் குளுக்கோஸுக்கு 180 கிராம் அமிலம். கழிவே இல்லாத வினைபோலத் தோன்றும். ஆனால் அமிலம் சேர்ந்து நொதித்தல் நின்றுபோகாமலிருக்கச் சுண்ணாம்பு அல்லது கால்சியம் கார்பனேட் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் கிடைப்பது கால்சியம் லாக்டேட். அதிலிருந்து அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம் ஊற்றினால் ஜிப்சம் படிகிறது. ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம்! கரும்பிலிருந்தோ மக்காச்சோளத்திலிருந்தோ செய்த ‘பசுமை’ அமிலம் என்று விற்பவர்கள் இந்தக் குவியலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் ‘ஆர்.எல்.’ என்று சொல்லி ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவத்தில் இருப்பது இந்த அமிலத்தின் சோடியம் உப்பு. 1930களில் மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதை வடிவமைத்தார். கல்லீரல் லாக்டேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றி, இரத்தத்தில் மிகுந்த அமிலத்தன்மையைத் தணிக்கிறது. அமிலத்தின் வாரிசு அமிலத்தை முறிப்பது வேடிக்கைதான். மக்கும் பிளாஸ்டிக்கான பி.எல்.ஏ.வுக்கும் மூலப்பொருள் லாக்டிக் அமிலமே.

1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில் இருப்பதால் சென்னைக்கு நெருக்கமான இன்னொரு பயனும் உண்டு. முடி நீக்கச் சுண்ணாம்பில் ஊறவைத்த தோலில் தங்கும் சுண்ணாம்பை அகற்ற லாக்டிக் அமிலம் உதவுகிறது. ஆலைத் தொட்டியில் உருவாகும் அதே கால்சியம் லாக்டேட் இங்கும் உண்டாகிறது. நீரில் எளிதாகக் கரைவதால் அலசும்போது அது தோலைவிட்டுப் போய்விடுகிறது.