பகடையும் கடலும் – 7: பாதி வரைந்த தீவு

நிலவறைக்குள் சிக்கிய வீரர்கள் வெளியே வந்தார்களா என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். வந்தார்கள். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் படைத்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு 1974ல் வெறும் 1,000 பிரதிகளோடு வெளிவந்தது. அதற்காக வெளியான சாகசங்களில் பெரும்பாலானவை சுரங்க வழிகளுக்குள்ளேயே நடந்தன. அங்கே இடப்பக்கம் போகலாம், வலப்பக்கம் போகலாம். மற்றதைச் சுவர்கள் முடிவு செய்துவிடும். 1981ல் வந்த அந்த விளையாட்டின் எக்ஸ்பர்ட் பெட்டிக்குள் விதிநூலோடும் பகடைகளோடும் ஒரு மெல்லிய புத்தகமும் இருந்தது: 'தி ஐல் ஆஃப் டிரெட்', அச்சத் தீவு. எழுதியவர்கள் டேவிட் குக், டாம் மோல்ட்வே.

கதை பழைய காகிதங்களில் தொடங்குகிறது. ரோரி பார்பரோசா என்ற கப்பல் தலைவன் எழுதிவைத்த குறிப்புகள் வீரர்கள் கையில் கிடைக்கின்றன. தெற்கே ஒரு தீவு. கரையோரத்தில் மனிதர்கள். தீவின் நடுவே உயர்ந்த பீடபூமி; அதில் தெய்வங்களின் கறுப்பு முத்து இருப்பதாகப் பேச்சு. முத்தை அவன் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதோடு சரி. கண்ணால் கண்டதாக எழுதியிருந்தால் அது வெறும் தகவலாகியிருக்கும். செவிவழிச் செய்தி என்பதால்தான் ஆளைக் கப்பலேற்றுகிறது. போ என்று யாரும் கட்டளையிடுவதில்லை. ஆனால் போகாமல் இருக்க முடியாது.

கூடவே ஒரு வரைபடம். மேஜையில் விரித்தால் அறுகோணக் கட்டங்கள், சுற்றிலும் கரைக்கோடு, நடுவில் வெள்ளை. ஒரு கட்டம் 6 மைல். காடு எங்கே, ஆறு எங்கே என்று ஆடுபவர்களே பென்சிலால் நிரப்ப வேண்டும். ஆட்டத்தை நடத்துபவரிடம் முழுப் படமும் இருக்கும். அதை அவர் காட்ட மாட்டார்.

விதிநூலில் இன்னொரு கொக்கியும் உண்டு. அடர்காட்டில் ஒவ்வொரு நாளும் நடத்துபவர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1, 2, 3 விழுந்தால் குழு வழி தவறிவிட்டது. அதையும் அவர் சொல்ல மாட்டார். வடக்கே போகிறோம் என்று நம்பி நீங்கள் வேறெங்கோ நடந்துகொண்டிருப்பீர்கள். பென்சில் கோடும் உங்களோடு பொய் சொல்லத் தொடங்கும். இந்த ஒரு விதிக்காகவே குக்கையும் அவரோடு விதிநூலைத் தொகுத்த ஸ்டீவ் மார்ஷையும் கையெடுத்துக் கும்பிடலாம்.

கரையில் தனாரோவா என்ற ஊர். ஊர்களையும் காட்டையும் பிரித்து நிற்கிறது ஒரு மாபெரும் சுவர். 1933ல் வந்த 'கிங் காங்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுவர் உடனே நினைவுக்கு வரும். அதற்கு அப்பால் டைனோசர்கள் நடமாடுகின்றன. அவற்றைத் தாண்டி, செங்குத்தான பாறையேறிப் பீடபூமியை அடைந்தால், எரிமலை வாயில் ஓர் ஏரி. ஏரிக்குள் ஒரு குட்டித் தீவு. அதில் பாழடைந்த கோயில்.

அந்தக் கோயிலின் அடியில் கோப்ரு என்ற உயிரினம் காத்திருக்கிறது. கொதிக்கும் வெப்பமும் ஈரமுமே அதற்கு வீடு. அது வாள் எடுப்பதில்லை. மனிதனின் மனத்துக்குள் புகுந்துகொள்ளும். மேஜையைச் சுற்றியிருக்கும் உங்கள் நண்பர்களில் ஒருவர் இப்போது அதன் சொற்படி நடக்கிறார். அவர் யார்?

அடுத்த வாரம் பார்ப்போம்.