புறத்தமனி நோய்: குருதிக் குறிப்பான்கள் எதை அளக்கின்றன?

கால்களுக்குச் செல்லும் தமனிகள் கொழுப்புப் படிந்து குறுகுவதால் வரும் புறத்தமனி நோயில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இரத்த உறைவோடு தொடர்புடைய ஃபைப்ரினோஜன், டி-டைமர் ஆகிய குறிப்பான்களின் அளவு இரத்தத்தில் கூடியிருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. நோய் முற்றியவர்களிடம் இவை இன்னும் கூடுதலாக இருப்பதைக் கண்டு, இரத்தப் பரிசோதனையைக் கொண்டே நோயின் கடுமையைக் கணித்துவிடலாம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் காலில் இரத்த ஓட்டம் எவ்வளவு குன்றியிருக்கிறது என்பது ஒரு கேள்வி. உடல் முழுவதும் தமனிகள் எந்நிலையில் உள்ளன என்பது வேறொரு கேள்வி. குறிப்பான்கள் விடை தருவது பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான்.

அமெரிக்க ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றிலிருந்து ரிட்கர் குழுவினர் 2001இல் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல சான்று. பின்னாளில் இந்நோய் வந்தவர்களுக்கு, அது வெளிப்படுவதற்கு முன்பே சி.ஆர்.பி. உயர்ந்திருந்தது. அப்படியானால் அந்த உயர்வைக் காலடைப்பின் விளைவு என்று மட்டும் கொள்ள முடியாது. நோயின் உச்சப் படிகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. இந்நோயின் கடுமையைப் படிநிலைகளாகப் பிரிக்கும் ரதர்ஃபோர்ட் வகைப்பாட்டின் 5, 6ஆம் நிலைகளில் காலில் புண்ணோ அழுகலோ இருக்கும்; அதில் கிருமித்தொற்று சேர்ந்தால் அதுவே சி.ஆர்.பி.யைப் பன்மடங்கு ஏற்றிவிடும். புகைப்பழக்கம் ஃபைப்ரினோஜனை உயர்த்தும். இவற்றைப் பிரித்துப் பார்க்காத ஆய்வு கடுமையை அளந்ததாகச் சொல்வது ஏற்கத்தக்கதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தம் இரு கால்களுக்கும் பொது. இடக்கால் விரல் கறுத்து, வலக்கால் நலமாக இருக்கும் ஒருவரிடம், பழுது எந்தக் காலில் என்பதைக்கூட எந்தக் குறிப்பானும் சொல்லாது.

காலின் இரத்த ஓட்டத்தை அறியப் பயன்படும் கணுக்கால்-கை இரத்த அழுத்த விகிதமும் தவறுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் நோய் உண்டு என்கிறோம். ஆனால் நீரிழிவிலும் சிறுநீரக நோயிலும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகுவதால் அது 1.40ஐயும் தாண்டி, அடைப்பை மறைத்துவிடுகிறது. இதற்கு மாற்று கால்விரல் அழுத்தம். விரல் தமனிகள் அவ்வளவாக இறுகுவதில்லை. அங்கே 30 மி.மீ. பாதரசத்துக்குக் குறைந்தால் ஆபத்து தெளிவு. ஓர் அழுத்த அளவு பொய்க்கும் இடத்தில் இன்னோர் அழுத்த அளவுதான் துணை, சி.ஆர்.பி. அன்று.

குறிப்பான்கள் மரணத்தை முன்னறிவிக்கின்றன என்ற வாதத்தை மறுக்கவில்லை. இந்நோயாளிகள் பலரின் உயிரைப் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமும்தான். ஆனால் முன்னறிவிப்பது வேறு, காரணமாவது வேறு. 2006இல் வெளியான ஹோப்-2 ஆய்வில் ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் இன்னொரு குறிப்பானான ஹோமோசிஸ்டீனைக் குறைத்தன. இதயநோய் மரணம் குறையவில்லை. 2017இன் கான்டோஸ் ஆய்வில் அழற்சியைத் தணித்தது பலன் தந்தது உண்மையே. எனினும் அதில் சேர்க்கப்பட்டவர்கள் முன்பே மாரடைப்பு கண்டவர்கள்; அந்தப் பலனைக் காலுக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது.

ஆகவே, குறிப்பான்களையும் நோயின் நிலையையும் ஒப்பிடும் ஆய்வாளர்கள் புண்ணும் தொற்றும் உள்ளவர்களைத் தனியே பிரித்து, ஒவ்வொரு காலின் விரல் அழுத்தத்தையும் சேர்த்தே முடிவுகளை வெளியிட வேண்டும்.