நெற்றிக்கு மேல் விலங்கு

தமிழ் மேடையில் முகமூடி இல்லையே என்று நம்மில் சிலர் அலுத்துக்கொள்வது உண்டு. ஜப்பானுக்கு நோ இருக்கிறது, சிங்களவருக்குக் கோலம் இருக்கிறது, வங்காளத்துப் புருலியாவுக்கு சௌ இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்போம். நானும் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். சோழவரம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழா நாடகத்துக்கு விலங்குத் தலைகள் செய்து தரும் வேலை என்னிடம் வந்தபோது, இந்த அலுப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது கேள்வியே வேறாகியிருந்தது.

நாடகம் பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரத்திலிருந்து எடுத்தது. வலையில் சிக்கும் புறாக்கள், வலையை அறுக்கும் எலி, அதைப் பார்த்து நட்புக் கேட்கும் காகம், பிறகு ஆமை, மான். ஆசிரியராக இருந்த நண்பர் ஒருவர்தான் என்னை அழைத்தார். வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியும். யுத்த காலத்தில் விமானத்துக்காகப் போட்ட ஓடுதளமும் இதே ஊரில்தான் இருந்தது. பின்னால் பல வருஷங்கள் அதில் மோட்டார் பந்தயம் நடந்தது. இப்போது அதெல்லாம் பழங்கதை. செங்குன்றத்தில் பழைய பேப்பர் கடையில் இரண்டு கட்டு வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன்.

காகிதக் கூழ் வேலையை நாம் அந்நியக் கலை என்று நினைப்பதற்கு அதன் பிரெஞ்சுப் பெயர் ஒரு காரணம். காஷ்மீரத்தில் பாரசீகத்திலிருந்து வந்த கைவினையாகப் பேனாக்கூடு செய்ததிலிருந்து அதன் சரித்திரத்தைத் தொடங்குவது வழக்கம். ஆனால் என் பாட்டி இதைச் செய்திருக்கிறாள். பழைய காகிதத்தைக் கிழித்து இரண்டு நாள் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு உரலில் ஆட்டி, அந்தக் கூழை முறத்தின் இடுக்குகளில் மெழுகுவாள். மிஞ்சியதைக் கவிழ்த்த பானையின் மேல் அப்பிக் காயவைத்து எடுத்தால் ஒரு கூடை. வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. அதன் கசப்பு பூச்சியையும் அண்டவிடாது. இதைக் கலை என்று யாரும் சொன்னதில்லை. பண்ருட்டியில் அச்சில் அழுத்தி எடுக்கும் காகிதக்கூழ் பொம்மை கொலுப்படி ஏறியது. பாட்டியின் கூடை அடுப்படியைத் தாண்டவில்லை.

பைண்டிங் கடைக்காரர்கள் மைதா பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். குழந்தைகள் கைவைக்கும் வேலை என்பதால் நான் வெந்தயத்துக்கே திரும்பினேன். கவிழ்த்த மண்சட்டியின் மேல் முதல் சுற்று வெறும் தண்ணீரில் நனைத்த காகிதம், அப்போதுதான் பிறகு சட்டியை விட்டுக் கழன்று வரும். அதன்மேல் பசை தோய்த்த கீற்றுகள், ஒரு சுற்று செய்தித்தாள், ஒரு சுற்று பழுப்புக் காகிதம் என்று மாற்றி மாற்றி. நிறம் மாறினால்தான் எத்தனை சுற்று போட்டோம் என்று தெரியும். ஏழு சுற்று போதும். மூக்கு, கொம்பு, காது எல்லாம் கூழில்.

முதலில் நான் செய்தது முழு முகத்தையும் மூடும் தலைகள். என் நவீன நாடக ஆசை அதில் இருந்தது. முதல் ஒத்திகையிலேயே அது விழுந்தது. காகம் பேசியது பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. ஆமைக்கு வியர்த்து மூச்சு முட்டிற்று. மான் பெஞ்சில் இடித்துக்கொண்டது. சத்துணவுக் கூடத்து ஆயா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்பா, புள்ளைங்க மூஞ்சியை மூடிட்டா பெத்தவங்க எதைப் பாக்க வருவாங்க?" என்றார்.

இந்தக் கேள்வியை நம் மேடையின் சரித்திரத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் துலங்குகின்றன. புருலியா சௌவுக்கு சரிதா கிராமத்தார் களிமண் உருவின் மேல் காகிதத்தைப் பல சுற்று ஒட்டி, மண் பூசி, துணி போர்த்தி மெருகேற்றிச் செய்யும் தலைகள் அபாரமானவை. ஆனால் அவற்றை அணிந்தவன் பேசுவதில்லை, ஆடுகிறான். செராய்கெலாவில் முகமூடிக்குள் மூச்சு விடுவது கடினம் என்பதால் ஒவ்வொரு ஆட்டமும் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. குருவாயூரின் கிருஷ்ணாட்டத்தில் முகமூடி அணியும் பாத்திரங்கள் உண்டு. பாட்டு பின்னால் நிற்பவர்களுடையது. நோ இதற்கு விலக்கு. அங்கே முகமூடி முகத்தைவிடச் சிறியது, அந்த அமுங்கிய குரலுக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி இருக்கிறது. மற்றபடி, முகத்தை மூடுகிற இடத்தில் வாய்க்கு வேலை குறைகிறது.

நம் கூத்து விடிய விடியப் பேசுவது, பாடுவது. துரியோதனனும் கர்ணனும் முகத்தை மூடிக்கொண்டு எட்டு மணி நேரம் தொண்டையைத் திறக்க முடியாது. அதனால் முகமூடியின் கம்பீரம் முழுவதும் முகத்தைவிட்டு மேலேயும் பக்கவாட்டிலும் நகர்ந்துவிட்டது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம், புஜகட்டை, மார்புப் பதக்கம். நடுவில் அரிதாரம் பூசிய மனித முகம் திறந்தபடி இருக்கிறது. முழு முகத்தையும் மூடும் உரிமை பெரும்பாலும் ஒருவருக்குத்தான், நரசிம்மத்துக்கு. மெலட்டூரில் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரத்தில் அணியும் சிங்க முகம் கோயிலில் இருந்து பூஜை பெறுவது. அணிபவர் விரதம் இருப்பவர். ஆவேசம் வந்தால் பிடித்து நிறுத்த ஆட்கள் வேண்டும். அங்கே நடிப்பு முடிந்துவிடுகிறது.

இந்த வழக்கம் பழையது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர் தங்கள் குமரியைக் கொற்றவையாகக் கோலம் செய்கிறார்கள். கூந்தலில் பன்றியின் கொம்பு பிறையாகிறது, கழுத்தில் புலிப்பல் தாலியாகிறது. விலங்கு துண்டுதுண்டாக அவள் மேல் ஏறுகிறது. முகம் மட்டும் அவளுடையதாகவே இருக்கிறது. நாட்டிய சாஸ்திரம் பிரதிசீர்ஷம் என்று தலை செய்யும் முறையைச் சொல்கிறது: துணியில் வில்வப் பசை, சாம்பலோ உமியோ கலந்து பூச்சு, காய்ந்தபின் கூரிய கருவியால் துளைகள். கனம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று எச்சரிக்கை வேறு. வில்வத்தின் இடத்தில் வெந்தயத்தை வைத்தால் பாட்டியின் கூடைதான். 1997இல் நியூயார்க்கில் ஜூலி டேமர் 'லயன் கிங்' நாடகத்தில் சிங்கத் தலைகளை நடிகரின் நெற்றிக்கு மேலே ஏற்றி, விலங்கையும் மனிதனையும் ஒரே சமயத்தில் காட்டியது உலகம் வியந்த புதுமை. புதுமை என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நம் பள்ளிகளில் கைத்தொழில் ஆசிரியர்கள் இதைக் காலம்காலமாக அட்டையிலும் எலாஸ்டிக்கிலும் செய்துவருகிறார்கள்.

ஆகவே எல்லாத் தலைகளையும் வாய்க்கு மேலே அறுத்து, நெற்றியில் உட்காரும்படி மாற்றினேன். மூக்கின் பாரம் முன்னால் இழுத்தது. பிடரியில் கொஞ்சம் கூழ் சேர்த்துச் சமன் செய்தேன். சரித்திரத்தின் பக்கம் நின்றுவிட்டேன் என்ற திருப்தியும் வந்தது. அடுத்த நாள் எலி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

பாத்திரங்களை யார் எப்படிப் பங்கிட்டார்கள் என்று அப்போதுதான் பார்த்தேன். மான், வகுப்பில் சிவப்பாக இருந்த பெண்ணுக்கு. காகம், கறுப்பான பையனுக்கு. எலி, செங்கல் சூளையிலிருந்து வரும் பையனுக்கு. அவன் வீட்டார் அறுத்த வயலில் எலி பிடிப்பவர்கள். வகுப்பில் அவனுக்கு ஏற்கெனவே அதுதான் பெயர். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கதையில் எலிதானே எல்லாரையும் காப்பாற்றுகிறது, நல்ல பாகம் என்றுதான் கொடுத்தார்கள். பட்டியலை முதலில் வாசித்தபோது எனக்கும் உறுத்தவில்லை. முழு முகமூடியாக இருந்தவரை அவன் ஒத்திகைக்கு வந்துகொண்டிருந்தான் என்பது பிறகுதான் புரிந்தது. முகத்தைத் திறந்துவிட்டது நான்.

நம் மேடை மனித முகத்தை மறைக்காது என்று பெருமைப்படலாம். ஆனால் திறந்த முகத்துக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. சிங்க முகத்தை அணிபவர் விரதம் இருந்து அணிகிறார், ஊர் கும்பிடுகிறது. எலியை அணிபவனை ஊர் எலி என்கிறது. எந்த விலங்கு யார் தலையில் என்ற கேள்வியைக் கேட்காத முகமூடிச் சரித்திரம் வெறும் கைவினைச் சரித்திரம்தான்.

மூன்றாம் நாள் நண்பர் சூளைக்குப் போய்ப் பேசி அழைத்துவந்தார். பாகத்தை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மேஜைமேல் இருந்த தலையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "எலிக்குக் காது இவ்ளோ பெருசா இருக்காது சார்" என்றான். உண்மைதான். நான் செய்திருந்தது சினிமாக் கார்ட்டூனில் வரும் வட்டக் காது. "வரப்பு எலி மண்ணைத் தோண்டும் சார், மூக்கு மொண்ணையா இருக்கும். பல்லு வெள்ளை இல்ல, மஞ்சள்." கூழை அவன் பக்கம் தள்ளினேன். காதைப் பிய்த்துப்போட்டுச் சின்னதாக, தலையோடு ஒட்டினாற்போல் வைத்தான். கூர்மூக்கை உள்ளங்கையால் அழுத்தி மழுக்கினான். கண்ணுக்கு நான் வைத்திருந்த பெரிய பொத்தானை எடுத்துவிட்டு இரண்டு மிளகு பதித்தான். அந்த அறையில் எலியை உண்மையில் பார்த்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

விழா அன்று இரவு அவன் நுழைந்தபோது தலையைத் தாழ்த்தியே வந்தான். எங்கள் கண்ணுக்கு மழுங்கிய மூக்கும் மிளகுக் கண்ணும் மட்டுமே தெரிந்தன. மண்ணை முகர்ந்துகொண்டு வரும் எலி. வலையருகில் வந்ததும் நிமிர்ந்து, தன் முகத்தோடு, தன் குரலில் பேசினான். அறுக்கும்போது மறுபடி குனிந்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. விலங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் கீல் கழுத்துதான் என்பதும், எப்போது எதைக் காட்டுவது என்பதை அணிந்திருப்பவனே தீர்மானிக்க முடியும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முழு முகமூடி இந்த உரிமையைத் தருவதில்லை.

மறுநாள் முதல் அவனை யாரும் எலி என்று கூப்பிடவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கூப்பிட்டார்கள் என்றுதான் நண்பர் சொன்னார். மழைக்கு முன்னால் சூளை வேலை முடிந்ததும் அந்தக் குடும்பம் வேறு ஊர் போய்விட்டது. மற்றத் தலைகள் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. எலியை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.