மறுமலர்ச்சியும் நவஜாகரணமும்: வங்காள உரைநடை வரலாற்றை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பு ஆய்வு

1. சொல்லும் பொருளும்

ஐரோப்பாவில் இடைக்காலத்தின் இறுதியில் கலையிலும் கல்வியிலும் தோன்றிய எழுச்சியை 'ரினைசான்ஸ்' என்னும் பிரெஞ்சுச் சொல் குறிக்கிறது. இத்தாலிய ஓவியர் வசாரி 1550இல் வெளியிட்ட கலைஞர் வரலாற்றில் இதற்கு இணையான இத்தாலியச் சொல்லை, கலைகள் மீண்டும் உயிர்பெற்றமையைச் சுட்ட ஆண்டார். ஆயினும் ஒரு காலப்பகுதியின் பெயராக இச்சொல் நிலைபெற்றது, மிஷலே 1855இலும் புர்க்ஹார்ட் 1860இலும் எழுதிய வரலாற்று நூல்களாலேயே ஆகும். எனவே இது பின்னோர் சூட்டிய பெயர் என்பது கருதத்தக்கது.

இச்சொல்லின் நேர்ப்பொருள் 'மறுபிறப்பு' என்பதாகும். இந்திய மொழிகளில் இதனை அவ்வாறே பெயர்த்தால் வினைக்கொள்கை சார்ந்த பொருள் முந்தி நிற்கும். தமிழ் 'மறுமலர்ச்சி' என்றும், வங்காளம் 'நவஜாகரண்' என்றும் வேறு உருவகங்களை நாடின. மறுமலர்ச்சி என்பது முன்னர் ஒரு மலர்ச்சி இருந்ததைக் கொள்கிறது. நவஜாகரண், அதாவது புதுவிழிப்பு, முன்னர் ஓர் உறக்கம் இருந்ததைக் கொள்கிறது. முன்னது மீட்சியையும் பின்னது புதுமையையும் அழுத்துகின்றன. 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் நிகழ்ந்ததற்கு இவற்றுள் எது பொருந்தும் என்பது சொல்லாய்வு மட்டுமன்று, வரலாற்று ஆய்வுமாகும்.

2. நிறுவனப் பின்புலம்

வில்லியம் ஜோன்ஸ் 1784இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவினார். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்தவை என்னும் கருத்தை 1786இல் அக்கழகத்தில் வெளியிட்டார். பழமையை மீட்கும் இப்பணியில் இந்தியர் உறுப்பினராக இடம்பெற்றது 1829இல்தான்.

வங்காள எழுத்துருக்கள் அச்சேறியது 1778இல், ஹால்ஹெட் எழுதிய இலக்கண நூலில் ஆகும். ஹூக்ளியில் அச்சான இந்நூலுக்குச் சார்லஸ் வில்கின்சும் பஞ்சானன் கர்மகாரும் எழுத்துகளை உருவாக்கினர். தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578. இருநூறு ஆண்டு முந்திய தமிழ் அச்சு தன்னளவில் ஒரு மறுமலர்ச்சியைத் தோற்றுவிக்கவில்லை. இதனால், அச்சு இன்றியமையாத கருவியே அன்றித் தனிக்காரணம் அன்று எனலாம். கல்கத்தாவில் அச்சோடு ஃபோர்ட் வில்லியம் கல்லூரி (1800), இந்துக் கல்லூரி (1817), பள்ளி நூற்கழகம் (1817), இதழ்கள் ஆகியன அடுத்தடுத்துத் தோன்றின. படிப்போரும் படிக்கப்படும் நூலும் ஒரே காலத்தில் உருவாயினர்.

3. உரைநடை உருவாக்கம்

கடிதங்களிலும் ஆவணங்களிலும் வங்காள உரைநடை முன்பே வழங்கியது. ஆனால் கருத்து விளக்கத்திற்கும் வாதத்திற்கும் உரிய உரைநடை 19ஆம் நூற்றாண்டின் ஆக்கமாகும். ராம்மோகன் ராய் 1815இல் வெளியிட்ட வேதாந்த நூலின் முன்னுரையில், உரைநடைத் தொடரில் எழுவாயையும் வினையையும் இனங்கண்டு படிக்கும் முறையைப் படிப்போருக்குக் கற்பித்தார். செய்யுளுக்குப் பழகிய சமூகத்தில் உரைநடைத் தொடரமைப்பே விளக்கம் வேண்டி நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஈஸ்வரசந்திர வித்யாசாகர் 1855இல் எழுதிய 'வர்ணபரிசய்' என்னும் அரிச்சுவடியில், வங்காளத்தில் வழக்கில்லாத இரு நெடில் உயிர்களை நீக்கினார். அனுஸ்வாரத்தையும் விசர்க்கத்தையும் மெய்களோடு சேர்த்தார். சமஸ்கிருத அறிஞராகிய அவரே சமஸ்கிருத நெடுங்கணக்கை வங்காள ஒலியமைப்புக்கு ஏற்பத் திருத்தியது குறிப்பிடத்தக்கது.

எனினும் 'சாது பாஷா' எனப்பட்ட எழுத்து நடை, சொற்களில் சமஸ்கிருதத்தையும் உருபுகளில் பழைய வடிவங்களையும் தழுவியது. 'செய்துகொண்டிருக்கிறேன்' என்னும் பொருளில் எழுத்து நடை 'கொரிதேச்சி' என்றது. பேச்சு நடை 'கொர்ச்சி' என்றது. தமிழின் இரட்டை வழக்கை அறிந்தோர்க்கு இவ்விடைவெளி எளிதில் விளங்கும். பியாரிசந்த் மித்ரர் 1858இலும் காளிபிரசன்ன சிங்கர் 1862இலும் வெளியிட்ட புனைவுகள் பேச்சு நடைக்கு இடமளித்தன. பிரமத சௌதுரி 1914இல் தொடங்கிய 'சபுஜ்பத்ர' இதழின் வழியே 'சலித் பாஷா' இலக்கியத் தகுதி பெற்றது.

4. எழுச்சியின் எல்லை

இவ்வெழுச்சி அனைவரையும் உள்ளடக்கவில்லை. பாரசீக, அரபுச் சொற்கள் விரவிய 'தோபாஷி' நடையில் பரந்த இலக்கியம் இருந்தும், அது செந்நடையின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. எந்தச் சொற்கள் தூயவை என்னும் முடிவு, எந்த மக்கள் மையத்தில் இருப்பர் என்னும் முடிவாகவும் அமைந்தது.

வரலாற்றாசிரியரிடையேயும் கருத்தொற்றுமை இல்லை. சுஷோபன் சர்க்கார் 1946இல் எழுதிய சிறுநூல் 'வங்காள ரினைசான்ஸ்' என்னும் கருத்தாக்கத்திற்கு வடிவம் தந்தது. அசோக் சென் 1977இல் வெளியிட்ட வித்யாசாகர் பற்றிய நூல், குடியேற்ற ஆட்சியின் கீழ் அத்தகைய எழுச்சி எதிர்கொண்ட தடைகளைச் சுட்டியது. பங்கிம்சந்திரரோ அப்பெயரைச் சைதன்யர் கால வங்காளத்திற்கு உரியதாக்கினார். ஒரே சொல் இரு வேறு காலங்களுக்கு ஆளப்பட்டமை மொழிபெயர்ப்பாளர் விழிப்புடன் நோக்க வேண்டிய ஒன்றாகும்.

5. தமிழோடு ஒப்பீடு

இத்தாலியில் பெம்போ 1525இல், உரைநடைக்கு 14ஆம் நூற்றாண்டின் பொக்காச்சியோவை முன்மாதிரியாகக் காட்ட இயன்றது. வங்காளத்திற்குத் தன்மொழியில் அத்தகைய பழைய உரைநடை முன்மாதிரி இல்லை. அதனால் சமஸ்கிருதத்தை நாடியது. அதன் பழம்பாடல்களான சர்யாபதங்கள் 1907இல் நேபாளத்தில் கண்டறியப்பட்டு, 1916இல்தான் அச்சாயின. அதற்குள் உரைநடை வேரூன்றிவிட்டது.

தமிழிலோ சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் 1887இல் வெளிவந்தன. மீட்கப்பட்ட மொழியும் அன்று எழுதப்பட்ட மொழியும் தமிழே. எனவே 'மறுமலர்ச்சி' என்னும் உருவகம் தமிழுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. வங்காளத்தில் மீட்கப்பட்டது சமஸ்கிருதக் கல்வி. மலர்ந்தது வங்காள மொழி. இரண்டும் ஒரே செடியின் பூக்கள் அல்ல.

6. முடிவு

'வங்காள மறுமலர்ச்சி' என்னும் தொடர் தமிழில் வேரூன்றிவிட்டதால் பொதுப்பெயராக அதனைக் கைவிட வேண்டுவதில்லை. ஆயினும் வங்காள மூலத்தில் 'நவஜாகரண்' என வருமிடங்களில் 'புதுவிழிப்பு' என்று பெயர்ப்பதே மூலநோக்கிற்கு உகந்தது. அவ்விடங்களில் 'மறு' என்னும் முன்னொட்டு, ஆசிரியர் கூறாத ஒரு பொற்காலத்தை வாக்கியத்தினுள் புகுத்திவிடும். கலைச்சொல்லின் ஒரு முன்னொட்டே ஒரு வரலாற்றுக் கோட்பாட்டைச் சுமக்கக்கூடும் என்பதை இவ்விரு சொற்களும் உணர்த்துகின்றன.