கை மட்டும் தெரிகிற மனிதன்: தமிழ் காமிக்ஸ் வாசிப்பு குறித்துச் சில குறிப்புகள்

சினிமாவைப் பற்றி நாம் நிறையவே பேசியாகிவிட்டது. எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் புத்தகமாகவே எழுதினார். அதற்குப் பிறகு வெகுஜனக் கலாச்சாரம் என்று வாயைத் திறந்தாலே வெள்ளித்திரையில்தான் போய் நிற்கிறோம். ஆனால் அதே காலத்தில், அதே வர்க்கத்துப் பையன்களின் கால்சட்டைப் பையில் நான்காக மடிந்துகிடந்த சாணித்தாள் புத்தகத்தை யாரும் பிரதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை இலக்கியக்காரர்களுக்கு அது குப்பை. இடதுசாரிகளுக்கு ஏகாதிபத்தியச் சரக்கு. தமிழாசிரியர்களுக்கோ அது பிரம்பை எடுக்க ஒரு காரணம்.

1962இல் லண்டனில் தொடங்கப்பட்ட 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் ஒரு தொடர் வந்தது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் என்ற உதவியாளன், உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்ந்ததும் மறைந்துபோகிறான். கை மட்டும் தெரிகிறது. எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இங்கிலாந்தில் எழுபதுகளிலேயே மங்கிப்போன இந்தக் கதாபாத்திரம், 1972இல் சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீட்டில் 'இரும்புக்கை மாயாவி'யாக மறுபிறவி எடுத்தது. ஆரம்ப நாட்களில் அங்கே ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். 'எஃகு நகம்' என்றோ வேறு ஏதோ ஒன்றோ பெயர்த்து வைத்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். 'மாயாவி' என்ற சொல் நமது கூத்திலும் விட்டலாச்சார்யா படத்திலும் ஏற்கனவே புழங்கிய சொல். அதன் முன்னால் 'இரும்புக்கை' என்று பட்டறை நாற்றம் அடிக்கிற ஒரு சொல்லை ஒட்டியதில்தான் விஷயம் இருக்கிறது. மந்திரமும் தொழிற்சாலையும் ஒரே பெயரில்.

அமெரிக்க சூப்பர் ஹீரோவுக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சூப்பர்மேன் வேற்றுக் கிரகத்திலிருந்தே சக்தியோடு வருகிறான். பேட்மேன் கோடீஸ்வரன். கிராண்டேல் கூலிக்கு வேலை பார்த்தவன், வேலையில் ஊனமானவன். ஆரம்பக் கதைகளில் அவன் கெட்டவனும்கூட. சக்தி கிடைத்ததும் ஊரை மிரட்டப் பார்க்கிறான். பின்னால்தான் நிழற்படையின் உளவாளியாக்கி அரசாங்கம் அவனை வேலைக்கு வைத்துக்கொள்கிறது. திமிறுகிறவனைச் சம்பளம் கொடுத்து அடக்குவது என்ற பழைய உத்திதான். இருந்தும், அந்தத் திமிறலின் ருசி வாசகனின் நாக்கில் தங்கிவிடுகிறது.

சிவகாசி என்ற ஊரைப் பற்றியும் பேசாமல் நகர முடியாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத் தொழில்தான் நாட்காட்டிச் சாமிகளையும் காமிக்ஸ் நாயகர்களையும் ஒரே ஊரிலிருந்து அனுப்பியது. அதே ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விடிவதற்கு முன்பே வண்டிகளில் அள்ளிச் செல்லப்பட்ட குழந்தைகள் தீக்குச்சி அடுக்கினார்கள். அவர்களைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது: குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். காமிக்ஸ் அச்சடித்த இடத்தில் குழந்தைகள் வேலை செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தமிழ்க் குழந்தைகளின் கனவு அச்சான ஊரும் தமிழ்க் குழந்தைகளின் விரல்கள் ரசாயனத்தில் வெந்த ஊரும் ஒன்றுதான் என்பதை ஏக்கத்தோடு 'அந்தக் காலம்' பேசுகிற நண்பர்கள் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இரண்டாவது அலை 1984. அந்த ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் நாயகி ஒரு பெண் — மாடஸ்டி பிளைசி. பீட்டர் ஓ'டானல் 1963இல் உருவாக்கிய இந்தப் பாத்திரம், போரில் எல்லாவற்றையும் இழந்து, பெயர்கூட இல்லாமல் நாடு நாடாக நடந்த அகதிச் சிறுமி. 1984 என்ற ஆண்டில், ராமேஸ்வரம் கரையில் ஈழத்து அகதிகள் இறங்கிக்கொண்டிருந்தபோது, தமிழ்ப் பையன்கள் ஒரு அகதிப் பெண்ணின் சாகசங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். தொடர்புபடுத்திப் பார்த்தார்களா என்றால், பார்த்திருக்க மாட்டார்கள். பிரதி அந்த வழியைக் காட்டவில்லை. அதுவும் வரலாறுதான்.

சிறிது காலத்தில் ஸ்பைடர் வந்தான். அமெரிக்கச் சிலந்தி மனிதன் இல்லை இவன். கூர்காது வைத்த, குற்ற உலகச் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்ட இங்கிலாந்து ஸ்பைடர். 1965இல் டெட் கோவன் தொடங்கிவைத்த இந்தத் தொடரைத் தொடர்ந்து எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். ஆம், 1938இல் வரைபடக்காரர் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர். அந்த உரிமையை இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி கோடிகளில் புரண்டபோது இவர்கள் நீதிமன்றப் படியேறித் தோற்றார்கள். 1975இல், படம் எடுக்கும் நேரத்தில் ஊர் சிரிக்கும் என்பதால், ஆளுக்கு வருடம் 20,000 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. நடுவில் பிழைப்புக்காகச் சீகல் எழுதியவற்றில் ஒன்றுதான் இந்தத் திருட்டு நாயகன். பிறரின் படைப்பையெல்லாம் பறித்துக்கொள்ளத் துடிக்கும் ஸ்பைடரை, தன் படைப்பைப் பறிகொடுத்தவர் எழுதினார். இங்கிலாந்துப் பக்கங்களில் அவர் பெயர் அச்சாகவில்லை. தமிழிலும் அன்று வாசித்தவனுக்கு அந்தப் பெயர் தெரியாது. மகா ரசிகர்களான நமக்கே பின்னால்தான் தெரியவந்தது.

அதே 1984இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ். ஜேம்ஸ்பாண்டில் தொடங்கி 2005 வரை ஓடியது. 'கன்னித்தீவு'க்குப் பழகிய கண்களுக்கு அதே வீட்டிலிருந்து இன்னொரு பந்தி. லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேண்டம் இங்கே 'முகமூடி வீரர் மாயாவி' ஆனார். ஆக ஒரே தமிழ்நாட்டில் இரண்டு மாயாவிகள். முத்துக்காரனுக்கும் ராணிக்காரனுக்கும் 'எந்த மாயாவி பெரியவன்' என்று தெருச்சண்டையே நடந்திருக்கிறது. இந்த ஃபேண்டம் விஷயத்தில் நாம் கொஞ்சம் நின்றாக வேண்டும். 1536இல் கடற்கொள்ளையரால் கப்பலை இழந்து கரையொதுங்கிய வெள்ளைக்காரனை அந்த மண்ணின் குள்ள மனிதர்கள் காப்பாற்றுகிறார்கள். அதற்குப் பிறகு நானூறு வருடம் அவன் வம்சம் அவர்களுக்கு நீதி வழங்குகிறது! காப்பாற்றியவன் பிரஜை, காப்பாற்றப்பட்டவன் ராஜா. டைம்ஸ் நிறுவனம் 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கி இதை வெளியிட்டபோது, வங்காளத்தை நினைவூட்டிய தேசப் பெயரை 'டெங்காலி' என்று மாற்றினார்கள். பெயரை மாற்றினால் காலனியம் போய்விடும் என்ற நம்பிக்கை. டொனால்ட் டக்கை ஏகாதிபத்தியப் பிரதியாகச் சிலியில் 1971இல் டோர்ஃப்மனும் மத்தலாரும் வாசித்துக் காட்டினார்கள். ஃபேண்டத்துக்கு அத்தனை உழைப்புகூடத் தேவையில்லை; எல்லாம் மேலேயே கிடக்கிறது.

ஆனால் பிரதி சொல்வதை வாசகன் அப்படியே விழுங்குகிறான் என்று யார் சொன்னது?

ஊரூர் ஒல்காட் குப்பத்தில், எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, அடையாறு முகத்துவாரத்துக்குப் போகிற வழியில், வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஐம்பது வயது தாண்டிய ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச நேர்ந்தது. வாடகைக்குப் புத்தகம் எடுத்து, மணலில் கும்பலாகக் கவிழ்ந்து, ஒருவன் எழுத்துக்கூட்ட மற்றவர்கள் படம் பார்த்த தலைமுறை அவருடையது. மாயாவி தெரியுமா என்றேன். "இன்னா சார் இப்டி கேக்கற? கரெண்ட்டுல கைய வுட்டா ஆளு காணாப் பூடுவான். நாங்க கைய வுட்டா நெஜமாவே காணாப் பூடுவோம்" என்று சிரித்தார். முகமூடிக்காரர்? "அவரு வோணாம். குதிர மேல குந்திகினு வரவன் எல்லாம் நமக்கு போலீஸுதான்." கடற்கரையில் குதிரைப் போலீஸைப் பார்த்தே வளர்ந்தவருக்கு டோர்ஃப்மன் தேவைப்படவில்லை.

இந்தக் குப்பத்தின் பெயரே ஒரு சாகச நாயகக் கதை. ஹென்றி ஸ்டீல் ஒல்காட் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கர்னல். லிங்கன் கொலை விசாரணையில் வேலை பார்த்தவர். பிரம்மஞான சபையை 1882இல் அடையாற்றில் நிலைநாட்டினார், 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். தமிழ்நாட்டில் அப்போது மற்றவர்கள் எதைத் திறந்தார்கள் என்று கேட்டுக்கொண்டால் அது சின்ன விஷயமில்லை. ஆனாலும், தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரம் தள்ளியவர்களின் ஊருக்குக் கடல் கடந்து வந்த கர்னலின் பெயர் நிலைத்ததை ஃபேண்டம் படித்தவன் கண்டும் காணாமல் போக முடியாது. கொஞ்ச தூரத்தில், கடற்கரையில் வெள்ளையடித்து நிற்கிறதே அந்த வளைவு, அது கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930இல் நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி. நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கரையில் அலைக்குள் போய் மாட்டிக்கொண்ட நகரத்துப் பிள்ளைகளை இழுத்துப்போட்ட குப்பத்து இளைஞர்களுக்கு எத்தனை வளைவு கட்டியிருக்க வேண்டும்? 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்தது அவர்கள் வீட்டில். 2015 டிசம்பரில் நகரமே மூழ்கியபோது மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து, மாடியில் தவித்தவர்களை இறக்கினார்கள். வெள்ளம் வடிந்தது, செய்தியும் வடிந்தது. கடலோரத்தில் உயர்மட்டச் சாலை போடும் திட்டங்கள் வரும்போதெல்லாம் வரைபடத்தில் இவர்கள் இடம் வெறும் மணலாகவே தெரிகிறது. கை தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. அந்த 2015இன் தொடக்கத்தில்தான் டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவை நடத்தினார்கள். சபா சங்கீதம் மணலில் இறங்கிய விவாதம் இன்றும் ஓயவில்லை. குப்பத்தில் என்னென்ன கலை ஏற்கனவே இருந்தது என்று கணக்கெடுத்தவர்கள் பறையைச் சொன்னார்கள், கூத்தைச் சொன்னார்கள். கிழிந்த காமிக்ஸைச் சொன்னவர் யாரும் என் காதில் விழவில்லை.

இனி சேகரிப்பாளர்கள். லஸ் முனை நடைபாதையிலும் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையிலும் 1985இல் எரியும்வரை மூர் மார்க்கெட்டிலும் குனிந்து தேடியவர்கள் இவர்கள். கேலி செய்வது சுலபம். ஆனால் இந்தப் பைத்தியங்கள் இல்லையென்றால் நாற்பது வருட அச்சுப் பண்பாடு எடைக்குப் போய்ப் பொட்டலமாகியிருக்கும். நூலகங்கள் வாங்கவில்லை, பல்கலைக்கழகம் கண்டுகொள்ளவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவையும் அவர் காலத்தில் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவர் சேர்த்ததை வைத்துத்தான் 1994இல் ஆராய்ச்சி நூலகமே வந்தது.

பிரச்சினை வேறு. லயன் காமிக்ஸ் தேங்கிக் கிடந்து, 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி 'கம்பேக் ஸ்பெஷல்' என்று திரும்பியது. விலை 100 ரூபாய். பளபளத் தாள், நல்ல அச்சு, ஐரோப்பியக் கதைகள். வாங்கியவர்கள் பெரும்பாலும் என்பதுகளின் பையன்கள், இப்போது நாற்பதைத் தாண்டிச் சம்பளம் வாங்குகிறவர்கள். பதிப்பகத்தைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? வெளிநாட்டு உரிமத்துக்குப் பணம் கட்டிச் சில ஆயிரம் பேரை நம்பி நடத்துகிறவர்கள் வேறு எந்த விலை வைக்க முடியும்? அந்த நேர்மைக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் சில்லறைக் காசுக்கு வாடகையில் படித்த கூட்டம் இந்தக் கணக்கில் இல்லை. முன்பு ஒரு புத்தகம் ஐம்பது கை மாறியது; அட்டை பிய்ந்து, கடைசிப் பக்கம் காணாமல் போய், முடிவை ஆளுக்கொரு மாதிரி கட்டிச் சொல்வார்கள். இன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, முனை மடங்கினால் மதிப்பு குறைகிறது. படிப்பதற்கு ஒரு பிரதி, வைப்பதற்கு ஒரு பிரதி என்று இரண்டு வாங்குகிறவர்களும் உண்டு. வாசகன் சேகரிப்பாளனாகும்போது கும்பல் கலைகிறது.

வடக்கே நிலைமை கொஞ்சம் வேறு. டெல்லி ராஜ் காமிக்ஸ் 1986இல் நாகராஜை உருவாக்கி, அடுத்த ஆண்டே துருவாவைக் கொண்டுவந்து, இந்தியில் சொந்த நாயகப் பட்டாளமே வளர்த்தது. 2004இல் மார்வெலின் ஸ்பைடர்மேனே வேட்டி கட்டி பவித்ர் பிரபாகர் ஆனான். தமிழில் மொழிபெயர்ப்பு மேலோங்கிய அளவுக்குச் சொந்த நாயகன் உருவாகவில்லை. அந்த இடத்தைச் சினிமா நாயகன் அடைத்துக்கொண்டு நின்றான் என்பதுதான் என் ஊகம். 2023இல் வந்த 'மாவீரன்' இதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட, பயந்தாங்கொள்ளியான, பத்திரிகையில் படக்கதை வரைகிற இளைஞனின் காதில் அவன் வரைந்த வீரனின் குரல் கேட்கிறது. தொட்டால் உதிரும் சுவர்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கு 2021இல் புளியந்தோப்புக் குடியிருப்பில் பூச்சு உதிர்ந்த செய்தி நினைவுக்கு வராமல் இராது. தமிழ் வணிகப் படத்தில் காமிக்ஸ் வரைகிறவன் குடிசைவாசியாக வந்தான் என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப்பட்டது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அடையாறு, திருவான்மியூர், மந்தைவெளிப் பக்கம் வாடகைப் புத்தகக் கடை நடத்தியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருப்பார்கள். யார் எதை எடுத்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்தத் தெருவுக்குக் கடன் கிடையாது என்றெல்லாம் எழுதிய நோட்டுகள் பரணில் கிடக்கலாம். முதல் இதழைத் தேடி அலைகிற நண்பர்கள் வழியில் அந்த நோட்டு எதையாவது கண்டால் தயவுசெய்து எடைக்குப் போட விட்டுவிடாதீர்கள். புத்தகத்துக்குக் கொடுக்கிற விலையில் பாதியாவது அதற்கும் கொடுக்கலாம்.